நாலாம் வார்டு காலியாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் கடிதம் ஒன்று படித்தேன். கிராம ஊராட்சிக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் எதற்கு, செக்கில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத்தலைவரும், வேலை பார்ப்பது செயலர், உறுப்பினர்கள் வந்து டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் போகிறவர்கள்தானே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். வடை விஷயத்தில் அவருக்குத் தவறான தகவல் போயிருக்கிறது. எங்கள் ஊராட்சியில் வெறும் டீதான்.

நான் ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரன். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி வட்டம். 31 வருஷம் சைக்கிளில் ஆறு ஊருக்குத் தபால் கொண்டுபோனவன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டுக்கு சிங்கப்பூரில் இருந்து மாதம் தவறாமல் பணம் வரும், எந்தக் கிழவிக்கு முதியோர் பணத்தை விட்டால் வேறு வரும்படி இல்லை என்று அத்துபடி. இதை எழுத எனக்கு இன்னொரு தகுதியும் இருக்கிறது. 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் எங்கள் நாலாவது வார்டுக்கு நின்று தோற்றவன் நான். 200 ரூபாய் டெபாசிட் கட்டி, நோட்டீஸ் அடித்து, 31 வருஷம் கதவைத் தட்டியவனுக்கு ஊர் ஓட்டுப் போடாமலா போகும் என்று தெம்பாக இருந்தேன். ஜனவரி 2-ஆம் தேதி ஆரம்பித்த எண்ணிக்கை விடிய விடிய நடந்தது. ஒன்றியத் தலைநகரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். நாலு கலர் சீட்டைப் பிரித்து அடுக்கி எண்ணி முடித்தபோது ஏழு ஓட்டில் தோற்றிருந்தேன்.

ஜெயித்தது ஒரு பெண். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு இல்லை, பொது வார்டு. எட்டாவது வரை படித்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். என் மூத்த மகளுக்கு ஒரு வயது சின்னவர். அவர் பெயரை எழுதவில்லை. பேப்பரில் பெயர் வந்தால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் பக்கம் ஒன்றியத்துக்குப் போகிறவரைத்தான் கவுன்சிலர் என்போம், ஊராட்சிக்குள் இருப்பவர் மெம்பர். ஆகவே மெம்பர் என்றே எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. முதலில் வந்த எல்இடி விளக்கு அவர் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் மாட்டப்பட்டதை டீக்கடையில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் சொன்னவன் நான்தான். அதை இன்னும் மறக்கவும் இல்லை.

பேச வைத்தது தண்ணீர்.

எங்கள் வார்டில் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் இருந்து இறங்கி மெயின் தெரு வழியாக வந்து, திரும்பி, கடைசியில் காலனிக்குப் போகும். என் வீடு மெயின் தெருவில், தொட்டியில் இருந்து ஆறாவது வீடு. காலனியில் கடைசி வீடு குழாய்க்கு அந்தக் கோடி. காலையில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். எங்களுக்கு அண்டா, டிரம், தொட்டி எல்லாம் நிறையும். அங்கே நாலு குடம் வந்தால் அதிசயம். புதுசாக ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. கணக்கு தொட்டியடியில் சரியாகத்தான் இருக்கும். குழாய் நீள நீளக் கணக்கு குறையும்.

ஒரு பங்குனி மாதம், காலை ஆறு மணி இருக்கும், மெம்பர் என் வாசலில் வந்து நின்றார்.

"பெரியப்பா, ஒரு அஞ்சு நிமிசம் என்கூட வாங்க."

"எதுக்குத்தா?"

"வாங்க, சொல்றேன். பெரியம்மாட்ட ஒங்க போன குடுத்துட்டு வாங்க."

அதற்கு முன் அவர் எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். காலனியின் கடைசி வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பிள்ளை குடத்தை வைத்துக்கொண்டு நின்றது. குழாய் திறந்துதான் இருந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை.

"குழா வாயில உள்ளங்கைய வைங்க."

வைத்தேன். ஐயா, குழாய் என் கையை உள்ளே இழுத்தது. ரப்பர் மூடி போல ஒட்டிக்கொண்டது. எடுத்தால் 'டப்' என்று சத்தம். தண்ணீர் கொடுக்க வேண்டிய குழாய், காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மெம்பர் தன் போனில் என் வீட்டுக்குக் கூப்பிட்டு, "பெரியம்மா, மோட்டார அமத்துங்க" என்றார். பத்து எண்ணியிருப்பேன். கையை இழுத்த பிடி தளர்ந்தது. ஒரு இருமல் மாதிரி காற்று வந்தது. பிறகு செம்மண் கலரில் கொஞ்சம், பிறகு நூல் மாதிரி தண்ணீர்.

ஆமாம், என் வீட்டுக் குழாயில் அரை ஹெச்பி மோட்டார் மாட்டியிருந்தேன். தெருவில் பாதி வீட்டில் உண்டு. யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை, தண்ணீர் 'ஏத்துறது' என்போம். நான் கையை எடுக்க முடியாமல் நின்றதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றது. மெம்பர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "குழா எங்கயாச்சும் ஒடஞ்சிருந்தா, சாக்கடைத் தண்ணியையும் சேத்துத்தான் பெரியப்பா இழுக்கும். அது ஒங்க வீட்டு அண்டாவுக்குத்தான் முதல்ல வரும்."

மறுநாள் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். பெரிய மனசு என்று எழுதிக்கொள்ள ஆசைதான். பாதிக் காரணம் அந்தச் சாக்கடைப் பயம். இதே மாதிரி பதினாலு பேரை ஒவ்வொருவராக அந்தக் கடைசி வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கையை வைக்கச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. மூன்று பேர் வர மறுத்தார்கள். அந்த மூன்று மோட்டாரும் இன்னும் ஓடுகிறது.

அதற்கு அடுத்து கேட் வால்வு. தெரு பிரியும் இடத்தில் ஒரு வால்வு வைத்து, ஒரு நாள் மெயின் தெருவுக்கு முதல் தண்ணீர், மறுநாள் அதை அடைத்துவிட்டுக் காலனிக்கு முதல் தண்ணீர். இதற்கு ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போட வைக்க அவருக்கு ஏழு மாதம் ஆனது. எங்கள் தெருவில் இருந்து எதிர்ப்பு. நானும் பேசினேன், எதிர்த்துத்தான். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. வால்வு வந்த முதல் வாரம், தொட்டி ஆப்பரேட்டர் சரியாகத் திருகுகிறாரா என்று விடிகாலை ஐந்து மணிக்கு டார்ச் லைட்டோடு குழிக்குப் பக்கத்தில் மெம்பர் நின்றார். எத்தனை குடம் எந்த வீட்டுக்கு வந்தது என்று குறித்து வைத்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது பக்க ரூல் நோட்டு, மேலே பிள்ளையார் சுழி. இடது பக்கம் கம்பத்து நம்பர், எரியாத தேதி, சொன்ன தேதி, மாட்டிய தேதி. வலது பக்கம் குழாய், வாய்க்கால் அடைப்பு, நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போனவர்கள். நான் தபால் ஆபீஸில் வைத்திருந்த பதிவேடுகளை விட அது சுத்தமாக இருந்தது. ஊராட்சிக் கூட்டத்தில் முதல் ஒன்றரை வருஷம் எல்லாரையும் போல எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்தான் அவரும். வேறு யாரும் செய்யாததையா செய்தார் என்று கேட்கலாம். ஒரு நாள் பல்பு வாங்கிய தீர்மானத்தில் அவர் வார்டுக்குப் பன்னிரண்டு என்று இருந்தது, அவர் நோட்டில் ஏழு. "படிச்சுக் காட்டுங்க, அப்பறம் போடுறேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் இருந்து தீர்மானத்தை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்ற எட்டு வார்டுக்காரர்களுக்கும் இதனால் கோபம். டீ ஆறிப் போகிறதாம்.

பிளீச்சிங் பவுடர் கதையும் உண்டு. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்பது கணக்கு. எங்கள் தொட்டி 30,000 லிட்டர், 120 கிராம் போட வேண்டும். முன்பு ஆப்பரேட்டர் கையில் அள்ளிப் போடுவார். அவர் கை ஒரு நாள் பெரிசு, ஒரு நாள் சின்னது. சில நாள் தண்ணீர் மருந்து நாற்றம், சில நாள் புழு. மெம்பர் மளிகைக் கடைத் தராசில் 120 கிராம் நிறுத்து, அது எந்த அளவுக்கு வருகிறது என்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் கோடு போட்டுக் கொடுத்தார். வாளியில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும், அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிட வேண்டும் என்பதை சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வந்தார். ஆய்வாளர் சோதிக்க வந்தால் தொட்டியடியில் பிடித்துப் பார்க்க மெம்பர் விட மாட்டார். நேரே கடைசி வீட்டுக்குத்தான். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் ஏற வேண்டும். கடைசி வீட்டில் மஞ்சள் ஏறினால் ஊர் முழுக்க ஏறின மாதிரி.

2022 டிசம்பரில் நம் மாவட்டத்திலேயே வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவைக் கலந்த கொடுமையை நாடே பேசியது. அந்தச் செய்தி வந்த இரண்டாம் நாள், மெம்பர் எங்கள் தொட்டி ஏணியின் கீழ்ப்பாதியை இரும்புத் தட்டி வைத்து அடைத்துப் பூட்டுப் போட வைத்தார். தலைவரிடம் சண்டை, செயலரிடம் கெஞ்சல், வெல்டிங் கடைக்காரரிடம் கடன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆப்பரேட்டரிடம். இன்னொன்று மெம்பர் வீட்டில்.

விதவைப் பணம், முதியோர் பணம், சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதையில் முள் வெட்டுவது இதெல்லாம் விலாவாரியாக எழுதினால் நீங்கள் போட மாட்டீர்கள். அதில் எதற்குமே அவர் கையெழுத்து செல்லாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப்போவார், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார், அவ்வளவுதான். முதியோர் பணம் முன்பு மணியார்டரில் என் கையால் போனது. யாருக்கு நின்றுபோனது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் என் சைக்கிள் மணியைக் கேட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பணம் பேங்க்குக்குப் போகிறது. அது ஒரு மாதம் ஏறவில்லை என்றால் அந்தக் கிழவிக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அதைக் கேட்டு வருகிற ஆளாக மெம்பர் இருந்தார்.

செய்ய முடியாததும் நிறைய. மேலத் தெருச் சாக்கடையை அவரால் எடுக்க முடியவில்லை. ஐந்து வருஷமும் அது அப்படியே நின்றது. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் சின்னப் பாலம் கேட்டு ஐந்து கிராம சபையில் மனு கொடுத்தார், வரவில்லை. போன மழையிலும் பாடையைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் தூக்கிப் போனோம். மெம்பருக்கு நிதி கிடையாது, சம்பளம் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி என்று ஒரு சில்லறை. கட்சிச் சின்னமும் கிடையாது, ஆகவே கட்சிக்காரர்களும் மதிக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவி ஏற்றார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஐந்து வருஷம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 27 மாவட்டங்களில் அன்றைக்கு வீட்டுக்குப் போன வார்டு இடங்கள் மட்டும் 76,746 என்று அந்தத் தேர்தலின்போது வந்த அறிவிப்பு சொல்கிறது. தலைவர் பதவிகள் 9,624. அரசியல் சாசனத்தில் 243 இ என்ற பிரிவு, ஊராட்சியின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்கு மேல் இல்லை, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. வார்டு மறுவரையறை என்று காரணம் சொல்கிறார்கள். வார்டை எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ளட்டும். ஐந்து வருஷம் முடியப்போகிறது என்பது பதவி ஏற்ற அன்றைக்கே தெரிந்த விஷயம்தானே? என் ஓய்வு தேதி எனக்கும் தபால் இலாகாவுக்கும் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரியும்.

இப்போது ஊராட்சிக்குத் தனி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலர்தான் அது. நம் மாவட்டத்தில் ஒன்றியம் 13, ஊராட்சி 497. வகுத்துப் பாருங்கள், ஓர் அதிகாரி தலையில் 38 ஊராட்சி. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவருக்குப் பத்துத் தலை இருந்தாலும் எங்கள் கேட் வால்வு எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்று தெரிய நியாயமில்லை.

2025 வைகாசியில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. இதே மோட்டார் 2023-லும் எரிந்தது. அப்போது மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது; கப்பி போட்டு பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்து, ஆலங்குடியில் ரீவைண்டிங் கடை வாசலில் மெம்பர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்து வாங்கி வந்து இறக்கினார்கள். இந்தத் தடவை பதினோரு நாள். மதிப்பீடு போட வேண்டும், அனுமதி வர வேண்டும், யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். ஒரு நாள் நானும் இன்னும் நாலு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். ஆய்வுக் கூட்டம் என்றார்கள். மறுநாள் போனோம். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பக்கத்துத் தோட்டத்து போர் செட்டுக்காரர் புண்ணியத்தில் குடம் தூக்கினோம். அறுபத்தேழு வயதில், கட்டிய பெண்டாட்டிக்கு முட்டி வலி, நான் சைக்கிள் கேரியரில் இரண்டு குடம் கட்டி ஓட்டினேன். பழைய தபால் ரூட் மாதிரிதான் இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜனம் கூட்டமாகக் கிளம்பி நேரே மெம்பர் வீட்டுக்குப் போய்விட்டது. வழக்கம்போலச் சத்தம். "என்னத்தா, இன்னுமா மோட்டார் வரல?" என்று ஒரு கிழவி கையை நீட்டி ஏசுகிறாள். மெம்பர் மாவு ஆட்டிக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார். "ஆத்தா, நான் இப்ப மெம்பர் இல்லத்தா. ஆறு மாசம் ஆகப்போவுது" என்றார். கிழவிக்குப் புரியவில்லை. "இல்லைன்னா என்ன? நீதான?" என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் ரீவைண்டிங் கடைக்குப் போனார். எந்த அதிகாரத்தில் போனார் என்று யாரும் கேட்கவில்லை. தன் காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும், பின் சீட்டில் நான் இருந்தேன்.

கடிதம் எழுதிய அன்பர் இதைத்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் 110-ஆவது பிரிவு குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சாலை, சுடுகாடு எல்லாம் ஊராட்சியின் கடமை என்கிறது. ஊராட்சி என்றால் யார்? ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் நேரத்தில், விடிகாலையில், போய்க் கதவைத் தட்டி ஏசுவதற்கு ஒரு வீடு வேண்டும். ஏசினால் கோபித்துக்கொண்டு போய்விட முடியாதவராக, அடுத்த தடவை நம்மிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவராக அவர் இருக்க வேண்டும். மெம்பரின் அதிகாரம் அவ்வளவுதான். அந்த அதிகாரமும் இல்லாமல் ஒருவர் எத்தனை நாள் ஓடுவார்?

இது எங்களுக்கு முதல் தடவையும் இல்லை. 2016 அக்டோபர் 24-ஆம் தேதி முந்தைய பதவிக்காலம் முடிந்தது; தேர்தல் அறிவித்து, வேட்புமனு எல்லாம் வாங்கிய பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்தான். அந்த இடைவெளியில் என்ன வந்தது தெரியுமா? 2018 நவம்பர் 16 விடிகாலை, கஜா புயல். எங்கள் பக்கம் தென்னை, பலா, கரண்டுக் கம்பம் எல்லாம் சாய்ந்தது. கரண்டு வர வாரக்கணக்கு. தொட்டி இருக்கிறது, போர் இருக்கிறது, ஏற்றக் கரண்டு இல்லை. இளவட்டங்கள் வீட்டுக்கு நூறு இருநூறு வசூல் பண்ணி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். எந்த வீட்டில் கூரை போனது, எந்த வீட்டுக்குத் தார்ப்பாய் முதலில் வேண்டும் என்று கணக்குச் சொல்ல ஊரில் பொறுப்பான ஆள் யாரும் இல்லை. கணக்கெடுக்க வந்த ஒரு வெளியூர் அதிகாரி, பாவம், என்னைத்தான் கேட்டார். "ஐயா, நீங்க தபால்காரராமே, வீடு வீடா தெரியுமாமே?" இரண்டு நாள் அவரோடு நடந்தேன். அதனால்தான் அடுத்த வருஷம் தேர்தலில் நிற்கிற எண்ணமே எனக்கு வந்தது. தோற்றது வேறு கதை.

2025 அக்டோபர் 11-ஆம் தேதி கிராம சபை நடந்தது. 2-ஆம் தேதி நடக்க வேண்டியது, தள்ளிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மூவாயிரத்துக்குக் கீழேதான் ஜனத்தொகை, நூறு பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வந்தது நூறுக்கு மேல் இருக்கும், பாதிப் பேர் நூறு நாள் வேலைக்காரர்கள். முன்பெல்லாம் முன்னால் பெஞ்சு போட்டு ஒன்பது மெம்பர்களும் தலைவரும் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்டால் யாராவது ஒருவர் முகம் சிவக்கும். இந்தத் தடவை அந்த பெஞ்சில் அதிகாரிகளும் ஒரு டிவி பெட்டியும். மெம்பர் ஜனத்தோடு ஜனமாகத் தரையில், நோட்டு மடியில்.

தேவைகளைச் சொல்லுங்கள் என்றபோது எழுந்து, கேட் வால்வு துருப்பிடித்து இரண்டு மாதமாகத் திருக முடியவில்லை, காலனிக்கு மறுபடி தண்ணீர் ஏறவில்லை, தேதி இன்ன தேதி, சொன்னது இன்னாரிடம் என்று வாசித்தார். மேசையில் இருந்தவர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "நீங்க யாரும்மா?"

மெம்பர் கொஞ்சம் நின்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினது எனக்குத் தெரிந்தது. "இந்த ஊர்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீபாவளி போய்விட்டது, அடைமழை தொடங்கிவிட்டது, வால்வு இன்னும் மாற்றவில்லை. ஐயா, நான் கேட்பது இரண்டே. தேர்தலை எந்த மாதத்தில் நடத்தப்போகிறோம் என்று அரசு தேதி சொல்ல வேண்டும். அதுவரைக்கும், வார்டுக்கு ஒருவர் என்று ஊழியர் ஒருவரைக் குறித்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் தொட்டிச் சுவரில் எழுதி வைக்கட்டும். தொட்டி கழுவிய தேதி எழுதுகிற அதே இடத்தில், அதே பெயின்டில். இதற்கு மதிப்பீடு தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அப்புறம் அந்தச் சாவி. ஜனவரி 6-ஆம் தேதி காலையில் மெம்பர் தொட்டி ஏணிப் பூட்டின் இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போனார். பதவி போன பிறகு அதை வீட்டில் வைத்திருப்பது தப்பு என்றார். யாரிடம் ஒப்படைப்பது என்று எழுத்தில் எதுவும் வரவில்லை, தற்சமயம் நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு இரண்டு தடவை போனார், அதே பதில். போன வாரம் அவர் வீட்டுக்கு அமாவாசைப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். காலண்டர் ஆணியில் அது தொங்குகிறது. கயிற்றில் ஒரு அட்டை கட்டி, 'ஊராட்சிச் சாவி. யாரும் எடுக்கக் கூடாது' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அடுத்த தேர்தலுக்கு இந்தக் கிழவன் இப்போதே அடிபோடுகிறான் என்று டீக்கடையில் பேசுவார்கள். நான் நிற்கப் போவதில்லை. அவர் நின்றால் இந்தத் தடவை அந்த ஏழில் ஒன்று என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரன்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.